நின்றதும் நிறுத்தியதும்

நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். அந்த நாற்பது வருடத்தில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளைக் கோத்தால் பூமியை இரண்டு சுற்று சுற்றி, மிச்சத்தில் ஒரு முடிச்சும் போடலாம். எல்லா அழைப்பிலும் ஒரே சொல்தான். "நின்னுபோச்சு." பேர் சொல்ல மாட்டார்கள், எந்தக் கட்டடம் என்று சொல்ல மாட்டார்கள், உள்ளே எத்தனை பேர் என்று கேட்டால் எண்ணத் தெரியாது. நின்னுபோச்சு, அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு நான் ஓடுவேன். "லிஃப்டை நாங்களேதான் நிறுத்தி வெச்சிருக்கோம், சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டோம்" என்று ஒரு மகராசன்கூடப் பேசியதில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானத் திடலில் நான் செய்த காரியத்துக்கு இதைத் தவிர வேறு சாக்கு என்னிடம் இல்லை.

பறந்தது என் மனைவி. முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் இவள் காலடியில் இன்னொரு பிரேக். மிதித்து மிதித்து அவளுடைய ஒரு கால் மற்றதைவிட இரண்டு அங்குலம் நீண்டுவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அளந்து பார்த்ததில் சமமாகத்தான் இருந்தது. அளந்த டேப் சரியில்லை. அறுபது முடிந்ததும் ஸ்கூலை எங்கள் மகளிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு நாள் காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

"ஏங்க, நான் வண்டி ஓட்டக் கத்துக்கப் போறேன்."

"நீயா? ஊர்ல பாதிப்பேருக்குக் கத்துக்குடுத்தவளே நீதானே."

"இது மேல ஓட்டுறது" என்று விரலைக் கூரைப் பக்கம் காட்டினாள்.

அவள் சேர்ந்த கிளப்பில் இருந்தது ஒரு மோட்டார் கிளைடர். இந்தச் செய்தி சம்பந்தி காதுக்குப் போனது. சம்பந்தி என்றால் எங்கள் மகளின் மாமனார். இருபத்தெட்டு வருடம் சரக்கு விமானம் ஓட்டியவர். அவர் பார்வையில், ஒரு லாரியையாவது வயிற்றில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறக்காத எதுவும் விமானத்தில் சேர்த்தியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு திடலுக்கு வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த பெரியப்பா மாதிரி அதை மூன்று முறை சுற்றிவந்தார்.

"உடம்பைப் பாத்தா ப்ளேன். இறக்கையைப் பாத்தா கிளைடர். ரெண்டுங்கெட்டானா இருக்கே, சம்பந்தி."

அவரைக் குறை சொல்ல முடியாது. மூக்கில் எஞ்சின், அதில் ஒரு காற்றாடி, உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை. இதுவரை சாதாரணக் குட்டி விமானம்தான். ஆனால் இறக்கை இருக்கிறதே, அது பதினேழு மீட்டர். அதைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்தால் ஒரு நுனி எங்கள் படுக்கையறையிலும், மறு நுனி எதிர்வீட்டுக்காரர் அடுப்பு மேலும் இருக்கும். பக்கத்தில் நின்ற சாதாரண விமானத்தின் இறக்கை பதினோரு மீட்டர்தான். அது வெயிலில் சுருங்கிப்போன சட்டை மாதிரி நின்றது.

அன்று வீடு திரும்பியதும் சாப்பாட்டு மேசையில் என் மனைவி வகுப்பு நடத்தினாள். ஒரு அடி ஸ்கேலும் ஒரு தேக்கரண்டியும் பாடக் கருவிகள்.

"சம்பந்தி ஓட்டின ப்ளேனுக்கு எஞ்சின்தான் உசுரு" என்றாள் தேக்கரண்டியைத் தூக்கி. "அது நின்னா, இறங்க இடம் தேடியே ஆகணும். சின்ன ப்ளேனும் அப்படித்தான். ஒரு கிலோமீட்டர் உயரத்துல நின்னுச்சுன்னு வைங்க, அப்படியே சரிஞ்சு போனா ஒன்பது பத்து கிலோமீட்டர். அதுக்குள்ள தரை வந்துடும்."

தேக்கரண்டி என் தட்டில் இறங்கியது.

"இதுக்கு எஞ்சின் ஒரு ஏணி" என்று ஸ்கேலை எடுத்தாள். "ஏறுறதுக்கு வேணும். ஏறினதுக்கு அப்புறம் ஏணியைத் தோள்ல சுமந்துகிட்டு யாராவது நடப்பாங்களா? நிறுத்திடுவேன். காத்தாடியோட தகடுகளைக் காத்துக்கு நேரா திருப்பி வெச்சிட்டா அது இடைஞ்சல் பண்ணாது. அதே ஒரு கிலோமீட்டர்ல இருந்து இருபத்தஞ்சு கிலோமீட்டர் போவேன். வழியில சூடான காத்து மேல எழும்புற இடம் கிடைச்சா, அதுலயே சுத்திச் சுத்தி திரும்ப ஏறிப்பேன்."

"அப்போ வெறும் கிளைடரே போதுமே. எஞ்சின் எதுக்கு?" என்றேன்.

"வெறும் கிளைடருக்கு ஏணியை யாராவது இரவல் குடுக்கணும். இன்னொரு ப்ளேன் கயிறு கட்டி இழுத்துட்டுப் போகணும். எனக்கு இந்த வயசுல யார்கிட்டயும் போய் நிக்க முடியாது. என் ஏணி என் கையில இருக்கும். வேணும்னா திரும்பப் போட்டுப்பேன்."

ஸ்கேல் மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மிதந்து போனது. சம்பந்தி தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டார்.

அவளுக்கு அதில் ஒரே ஒரு தொல்லை. அந்த வண்டி ஏறுவதற்கு எவ்வளவு ஆசைப்படுமோ அவ்வளவு இறங்க அடம் பிடிக்கும். தரைக்கு ஒரு முழம் மேலே வந்த பிறகும், விருந்து முடிந்தும் வாசலில் நின்று பேசுகிற விருந்தாளி மாதிரி மிதந்துகொண்டே இருக்கும். அதற்காக இறக்கைக்கு மேலே இரண்டு பலகைகள் உண்டு. நெம்புகோலை இழுத்தால் எழுந்து நின்று காற்றை மறிக்கும். அதுதான் அதற்குப் பிரேக். முதல் தேர்வில் என் மனைவி அதைத் தாமதமாக இழுத்தாள். ஓடுபாதை முழுவதையும் பார்வையிட்டுவிட்டு அதற்கு அப்பால் புல்லில் போய் இறங்கினாள். முப்பது வருடம் அடுத்தவர்களுக்காகப் பிரேக் போட்டவள் தனக்கென்று வந்தபோது மறந்துவிட்டாள். தேர்வாளர் "மறு தேர்வு" என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தேர்வாளர் ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார், அதுவும் ஒரு காலைப் பொழுது. இந்த முறையும் தேறாவிட்டால் அவள் இரண்டு வருடம் பறந்த மணி நேரமெல்லாம் காலாவதி. மறுபடி முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

"இன்னொரு தடவை முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிக்க மாட்டேங்க" என்றாள் முந்தின நாள், துணி மடித்துக்கொண்டே. "இது இல்லேன்னா விட்டுடுவேன்." மெதுவாகத்தான் சொன்னாள். மூடிய கார் கண்ணாடிக்கு வெளியே நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி பேசியே பழகியவள் அவள். அன்றைக்கு அவள் மெதுவாகப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் திடலில் இருந்தோம். ஒரு ஓடுபாதை, இரண்டு கொட்டகை, மாடியில் கட்டுப்பாட்டு அறை, கீழே கேன்டீன். அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டே எனக்குக் கட்டளை போட்டாள்.

"முதல்ல எஞ்சின் ஓட ஓட மூணு தடவை இறங்கிக் காட்டணும். கடைசியாதான் எஞ்சினை நிறுத்திட்டு ஒரு தடவை. எல்லாம் முடியற வரைக்கும் நீங்க எதுவும் செய்யக் கூடாது."

"நான் என்ன செய்யப் போறேன்?"

"அதுதான் தெரியல. அதனாலதான் பொதுவா சொல்றேன்."

தேர்வாளர் பக்கத்து இருக்கையில் ஏறினார். நெடுநெடுவென்ற மனிதர்; சிரித்தால் கடுதாசி எழுதி மன்னிப்புக் கேட்பார் போலிருந்தது. வண்டி ஓடியது, எழும்பியது, சிறுத்தது. சம்பந்தி தன் கைரேடியோவை என்னிடம் கொடுத்தார். கேட்க மட்டும்தான், பேசக் கூடாது என்று மூன்று முறை சொல்லிவிட்டுக் காபி வாங்கப் போனார்.

மேலே போனதும் தேர்வாளர் வரிசையை மாற்றிவிட்டார். எஞ்சின் நிறுத்துகிற பாடம் முதலில், மற்றது பிறகு. அது அவர் உரிமை. ஆனால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. ரேடியோ கரகரத்தது. அதற்குள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

அவள் சொன்னது: "எஞ்சின் நிறுத்தியாச்சு."

கரகரப்பு நடுவில் ஒரு வாய் கடித்துக்கொண்டு, மிச்சத்தை என் காதுக்கு அனுப்பியது. நாற்பது வருடம் ஒரே சொல்லைக் கேட்ட காது. அது தன் பாட்டுக்குப் பூர்த்தி செய்துகொண்டது.

"எஞ்சின் நின்னுபோச்சு."

அண்ணாந்து பார்த்தேன். காற்றாடி அசையவில்லை. சத்தம் இல்லை. எண்ணூறு மீட்டர் உயரத்தில், முப்பத்தெட்டு வருடமாக என்னைத் திட்டி வளர்த்தவள், சும்மா காற்றில் உட்கார்ந்திருக்கிறாள்.

கட்டுப்பாட்டு அறைக்கு ஏறும் படிக்கட்டின் கீழ், கண்ணாடி மூடியோடு ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. வாழ்நாளில் பத்தாயிரம் அபாயப் பொத்தான்களைப் பொருத்தியிருக்கிறேன். ஒன்றைக்கூட எனக்காக அழுத்தியதில்லை. அன்று அழுத்தினேன்.

அந்தச் சங்கு ஊதிய ஊதலில் பக்கத்து நாட்டுக்காரர்கள் படையைத் தயார் செய்திருப்பார்கள். கொட்டகையிலிருந்து தீயணைப்பு வண்டி பாய்ந்து வந்தது. பல வருடமாகத் தீயே கிடைக்காமல் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி; அதன் பளபளப்பில் முகம் சவரம் செய்யலாம். உள்ளே நான்கு பேர். ஓடுபாதையைக் குறுக்கே கடந்து அந்தப் பக்கம் போய்த் தயாராக நிற்பது அவர்கள் திட்டம். சரியாக நடுப்பாதை வரை வந்தது. ஒரு முறை இருமியது. அதன்பின் அசையவில்லை.

சம்பந்தி இரண்டு கையிலும் காபியோடு ஓடி வந்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு, சம்பந்தி?"

"எஞ்சின் நின்னுபோச்சு சம்பந்தி. நடுவானத்துல."

அவர் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஒரு வாய் காபி குடித்தார்.

"நின்னுபோச்சா, நிறுத்தினாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் மாடி ஜன்னல் திறந்தது. கட்டுப்பாட்டு அறை அம்மாள் தலையை நீட்டினார். "பட்டனை அழுத்துனது யாரு?"

திடலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். மரத்தில் இருந்த காக்கைகூடத் திரும்பிப் பார்த்தது.

ரேடியோவில் அந்த அம்மாளின் குரல் வந்தது. "ஓடுபாதையில வண்டி நிக்குது. இறங்க முடியாது. எஞ்சினைப் போட்டுக்கிட்டு சுத்திட்டிருங்க."

சம்பந்தியின் முகம் மாறியது. "போட்டா போச்சு" என்றார். "திரும்ப எஞ்சினைப் போட்டா இந்தப் பாடம் கணக்குல வராது. பன்னிரண்டு மணிக்குத் தேர்வாளர் கிளம்பணும். இன்னொரு தடவை மேல போய், எல்லாத்தையும் செஞ்சு காட்ட நேரம் இருக்காது."

துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அது கைவிட்டுப் போகப் போகிறது. என்னால், என்னுடைய இந்தப் பாழாய்ப்போன காதால்.

ரேடியோ மறுபடி கரகரத்தது. இந்த முறை ஒரு எழுத்துகூட விழாமல் கேட்டது. "எஞ்சின் வேண்டாம். காத்திருக்கோம். மேல காத்து நல்லா இருக்கு."

"எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும்?" என்று சம்பந்தியைக் கேட்டேன்.

"இருக்கிற உயரத்துக்கு பன்னிரண்டு, பதிமூணு நிமிஷம். நான் ஓட்டினதா இருந்தா இந்நேரம் ஏதாவது வயல்ல நின்னுகிட்டு விளக்கம் எழுதிட்டிருப்பேன்."

ஓடினேன். அறுபத்தேழு வயதில், செருப்பு ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக, மான் ஒன்று பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருக்கும். தீயணைப்புக் குழுவின் தலைவர் மீசையை முறுக்கியபடி வண்டியின் மூக்கைப் பார்த்து நின்றார்.

"என்ன ஆச்சு?"

"நின்னுபோச்சு சார்" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் மறுபடி மெக்கானிக் ஆனேன். இப்போதுதான் அது சரியான இடத்தில் சொல்லப்பட்டது. "சாவியைத் திருப்புங்க" என்றேன். டக் என்றது, அதற்கு மேல் பேசவில்லை. முகப்பு விளக்கு மின்மினிப்பூச்சி மாதிரி அழுது வடிந்தது. மூடியைத் தூக்கினேன். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, பிடிப்பு தளர்ந்து, தொட்டால் ஆடியது. ஊரே முகம் பார்க்கிற மாதிரி வெளியைத் துடைத்தவர்கள் உள்ளே திறந்தே பார்க்கவில்லை.

"ஸ்பேனர் குடுங்க."

"கருவிப் பெட்டியிலே இருக்கு சார்."

"பெட்டியைத் திறங்க."

"சாவி ஆபீஸ்ல இருக்கு சார்."

ஆபீஸ் அரைக் கிலோமீட்டர் தள்ளி. ஒருவன் ஓடினான். நான் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பூத்ததைச் சுரண்டத் தொடங்கினேன். சம்பந்தி ஓடுபாதை ஓரத்தில் நின்று, கழுத்தை முறித்துக்கொண்டு, எனக்கு நேர்முக வர்ணனை கொடுத்தார்.

"இறங்குறாங்க. அறுநூறு இருக்கும்."

சுரண்டினேன்.

"ஐநூறு. நேரா அந்தக் கிடங்குப் பக்கம் போறாங்க. தகரக் கூரை. வெயில்ல நல்லா காய்ஞ்சிருக்கும்."

சுரண்டினேன். விரலிலும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டேன்.

"நானூறு." அதன்பின் அவர் பேசவில்லை. அந்த மௌனம் இருக்கிறதே, ஒரு மாத நீளம். தலையைத் தூக்காமலே கேட்டேன். "சம்பந்தி?"

"சுத்துறாங்க" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "இறக்கையைச் சாய்ச்சு, ஒரே இடத்துல. ஒரு பருந்து கூட சேந்துக்கிச்சு. சம்பந்தி, ஏறுறாங்க. சத்தியமா ஏறுறாங்க."

நிமிர்ந்து பார்த்தேன். அந்த நீள இறக்கை வெயிலைத் திருப்பித் திருப்பிக் காட்டியது. பருந்து உள்வட்டம், என் மனைவி வெளிவட்டம். எந்த எஞ்சினும் இல்லாமல், சூடேறிய ஒரு கூரையின் தயவில், இறங்கிய படிக்கட்டில் திரும்ப ஏறிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் நின்றால் எல்லாரும் படிக்கட்டில்தான் ஏறுவார்கள். ஆனால் இத்தனை அழகாக ஒருவரும் ஏறி நான் பார்த்ததில்லை.

"அந்த ப்ளேன் விழாதா சார்?" என்று தீயணைப்புத் தலைவர் கேட்டார்.

"ப்ளேன் இல்லங்க" என்றார் சம்பந்தி, வெடுக்கென்று. "மோட்டார் கிளைடர்."

ஸ்பேனர் வந்தது. இறுக்கினேன். சாவியைத் திருப்பினார்கள். வண்டி உறுமியது, வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு இனிமையான பாட்டு வேறு கிடையாது. புல்வெளிக்குப் போய் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது.

"ஓடுபாதை காலி" என்றது மாடிக் குரல்.

"நன்றி. இந்தச் சுத்தை முடிச்சிட்டு வரேன்" என்றாள் என் மனைவி. அவசரப்பட்டவர்கள் நாங்கள்தான்.

கடைசியில் கிளைடர் இறங்கத் தொடங்கியது. மரங்களுக்கு மேலே சத்தமில்லாமல் வந்தது. வழக்கம்போல மிதக்கப் பார்த்தது. இறக்கை மேல் இரண்டு பலகையும் எழுந்தன, ஒரு நொடி முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வெள்ளைக் கோட்டின் மேல் சக்கரம் தொட்டது. புடவைத் தலைப்பு தரையில் உரசுகிற மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டது.

தேர்வாளர் கதவைத் திறந்து காலை மட்டும் வெளியே வைத்தார். "வண்டியைப் பாதையில நிறுத்த ஏற்பாடு பண்ணது யாரு?"

இருபது கைகள் என் பக்கம் நீண்டன. அதில் இரண்டு சம்பந்தியுடையவை.

"எஞ்சின் இல்லாம ஒரு தடவை இறங்குங்கன்னுதான் நான் கேட்டேன்" என்றார் என்னிடம். "காத்தைத் தேடி ஏறுறதெல்லாம் பாடத்திலேயே இல்ல. இவ்வளவு கஷ்டமான தேர்வு வைக்க எனக்கு அதிகாரமும் கிடையாது." காலை உள்ளே இழுத்துக் கதவை மூடிக்கொண்டார். எஞ்சின் கிளம்பியது. மிச்சம் இருந்த மூன்று இறக்கத்தையும் அவள் கையெழுத்துப் போடுகிற மாதிரி போட்டாள். பதினொன்றே முக்காலுக்கு அவள் புத்தகத்தில் தேர்வாளர் நிஜமான கையெழுத்தைப் போட்டார்.

எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் நீளமாக ஒரு மன்னிப்பைத் தயாரித்து வைத்திருந்தேன், மூன்று பகுதியாக. அவள் என் கையைப் பிடித்து விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க கிழிச்சுக்கிட்டீங்க?"

"சும்மா சிராய்ப்பு."

"பயந்துட்டீங்களா?"

"நானா? ஒரு முன்னெச்சரிக்கையா, ஒரே ஒரு தடவை அழுத்துனேன்."

"பதினோரு தடவை" என்றார் மாடியிலிருந்து அந்த அம்மாள்.

அவள் சிரிக்கவில்லை. கழுத்துத் துணியை அவிழ்த்து என் விரலில் சுற்றி, இறுக்க முடிச்சுப் போட்டாள். இறுக்கம் கொஞ்சம் அதிகம்தான். 

தீயணைப்புத் தலைவர் ஒரு அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வந்தார். சங்கு ஊதினால் படிவம் நிரப்பியாக வேண்டுமாம், மூன்று பிரதி. பேர், நேரம், இடம் எல்லாம் எழுதிவிட்டேன். "அழைப்புக்கான காரணம்" என்று ஒரு கட்டம் இருந்தது, தீப்பெட்டி அகலத்தில். லிஃப்டிலிருந்து தொடங்கி, காதின் அமைப்பு, ரேடியோவின் தரம், தேர்வாளர் வரிசையை மாற்றியது என்று முறையாகப் போகலாம் என்று நினைத்தேன்.

"இடம் போதாது. கூட ரெண்டு தாள் குடுங்க" என்றேன்.

என் மனைவி என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். குனிந்து, அந்தக் கட்டத்துக்குள் ஒரே ஒரு சொல் எழுதினாள்.

"கணவர்."

தீயணைப்புத் தலைவர் படித்தார். மீசையைத் தடவினார். மூன்று பிரதியிலும் முத்திரை குத்தினார்.